துணைக்கு ஒருவர்

நித்திலனின் பஸ் பாஸில் அவன் படம் இருக்கிறது,
வாய் லேசாகத் திறந்து, தலை ஒருபக்கம் சாய்ந்து.
கீழே சின்ன எழுத்தில்: துணைக்கு ஒருவர்.
அந்த ஒருவர் நான்.
ஒன்பது வருஷமாக
கண்டக்டர்கள் படத்தைப் பார்த்துவிட்டு
என்னைப் பார்க்காமல் தலையாட்டுகிறார்கள்.

வியாழன், பதினொரு மணி.
ஓட்டேரியில் இறங்கி, ரேஷன் கடைச் சந்துக்குள்
கீழ்த்தளத்தில் பிள்ளைகளுக்கு பிஸியோதெரபி,
மேலே நாங்கள்.
லிஃப்ட் உண்டு.
அதற்குள் துடைப்பமும் உடைந்த வாக்கரும் வைத்திருக்கிறார்கள்.
ஆறு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு டிஷ்யூ டப்பா.
முதல் மாதம் அந்த டப்பாவை யாரும் தொடவில்லை.
முந்தானை இருக்கும்போது எதற்கு.

வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருகிறோம் என்று
ஒருநாள் பேச்சு வந்தது.
தேவசேனா: பேரன்ட்ஸ் மீட்டிங்.
ஷமீமா: பிளட் டெஸ்ட். வாராவாரம் பிளட் டெஸ்ட்.
"இன்னும் ஒடம்புல ரத்தம் மிச்சம் இருக்கான்னு
எங்க வீட்ல யாரும் கேக்கல" என்றாள்.
அன்றுதான் அந்த அறையில் முதல் சிரிப்பு.

பிருந்தா மேடத்துக்கு என் தங்கை வயதுகூட இருக்காது.
"எப்படி இருக்கீங்க, வசுமதி?"
"ராத்திரி ரெண்டு தடவ ஃபிட்ஸ் வந்துச்சு மேடம்.
காலைல இட்லி உள்ள போச்சு. மருந்தத்தான் துப்பிட்டான்."
"சரி. நீங்க?"
நான் குளோரியைப் பார்த்தேன்.
குளோரி ஃபேனைப் பார்த்தாள்.

கீழிருந்து ஓர் அலறல் வரும்.
ஆறு தலையும் நிமிரும்.
ஐந்து தலை குனியும்.
குரலை வைத்தே யார் பிள்ளை,
தொடை நரம்பா, பசியா,
கரண்ட் போன கோபமா
என்று சொல்லிவிடுவோம்.
இந்தப் படிப்புக்கு சர்டிஃபிகேட் கிடையாது.

நாலாவது வாரமோ ஐந்தாவதோ,
எல்லோருக்கும் சமோசா கொண்டுவருகிற ஷமீமா
டப்பாவைத் திறந்து மூடி, திறந்து மூடி,
சொன்னாள்:
"எனக்கு முன்னாடி அவ போயிடணும்.
அஞ்சு வேளையும் இதத்தான் கேக்கறேன்.
ஒரு நாள் முன்னாடி.
ஒரே ஒரு நாள்."

சந்தில் பழைய பேப்பர்காரன் கூவிக்கொண்டு போனான்.
பிருந்தா பேனாவை மூடி மடியில் வைத்தாள்.
யாரும் சீ என்று சொல்லவில்லை.
தெய்வக் குழந்தை, உன்னால் முடியும் என்றுதான் கொடுத்தான்,
அதையும் யாரும் சொல்லவில்லை.
அந்த மௌனத்தில் எனக்கு இடம் இருந்தது.

"எனக்கு ஒரு நாள் கூட வேணாம்.
ஒரு மணி நேரம் போதும்.
குளிப்பாட்டி, நகம் வெட்டி, பவுடர் போட்டு..."
மீதியைக் குளோரி சொன்னாள்.
என் வாக்கியம்.
அவளுக்கு எப்போதோ மனப்பாடம்.

அன்று டிஷ்யூ டப்பா காலி. சமோசாவும்.

கீழே வந்து அவனைத் தூக்கினேன்.
சொன்னால் பாரம் குறையும் என்பார்கள்.
இருபத்தெட்டு கிலோ இருபத்தெட்டு கிலோதான்.
என் தோளில் எச்சில் வழியச் சிரித்தான்.
திருடி மாதிரி, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்து,
நெற்றியில் முத்தம் வைத்தேன்.

வீட்டுப் பாடம் கொடுத்திருக்கிறாள் பிருந்தா.
தினம் பத்து நிமிஷம்.
எதுவும் செய்யக் கூடாது.
நேற்று மொட்டைமாடியில் தண்ணீர் டேங்க் ஓரம் உட்கார்ந்தேன்.
கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
மடியில் வைத்தேன்.
யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன
கைகள் மாதிரி கிடந்தன.

ஆறாவது நிமிஷம் அவன் குரல்.
இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினேன்.

தூங்கிக்கொண்டிருந்தான்.
கூப்பிடவே இல்லை.
டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு
அவன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.
யார்மேல் என்று தெரியவில்லை.
வியாழக்கிழமை கேட்க வேண்டும்.